கடலடியில் மலை கண்ட பெண்மணி

வாசலில் கோலம் போடும்போது முதலில் புள்ளி வைக்கிறோம். வெறும் புள்ளியைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது. கோடு இழுத்த பிறகுதானே தேரும் தாமரையும் தெரிகின்றன? இதே மாதிரி புள்ளிகளைச் சேர்த்து, சமுத்திரத்தின் அடித்தரையையே வரைந்து காட்டினார் ஒரு பெண்மணி. 1920-ல் அமெரிக்காவில் பிறந்த மேரி தார்ப்தான் அவர்.

கடலின் ஆழத்தை எப்படி அளப்பார்கள் தெரியுமா? கப்பலிலிருந்து கீழ்நோக்கி ஓர் ஒலியை அனுப்புவார்கள். அது தரையில் மோதி எதிரொலியாகத் திரும்பி வரும். கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். போய்வர 4 விநாடி ஆனால் போவதற்கு 2 விநாடி; அப்படியானால் ஆழம் 3000 மீட்டர். அவ்வளவுதான் கணக்கு!

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் மேரிக்கு வேலை. அந்நாளில் ஆராய்ச்சிக் கப்பலில் பெண்களை ஏற்றமாட்டார்கள். கப்பல்களில் எடுத்த கணக்கெல்லாம் மேரியின் மேஜைக்கு வந்து சேரும். 1952-ல் அவற்றை வைத்து அட்லாண்டிக் சமுத்திரத்தின் குறுக்குவெட்டுப் படங்களை வரைந்தார். நடுவில் நீண்ட மலைத்தொடர். அதன் உச்சியிலோ ஒரு பிளவு! பூமி அங்கே பிளந்து விலகுகிறது என்று மேரிக்குப் பட்டது.

கூட வேலை பார்த்த புரூஸ் ஹீசன், "இதெல்லாம் பொம்பிளைப் பேச்சு" என்று தள்ளிவிட்டார். கண்டங்கள் நகரும் என்று சொன்னாலே பெரிய விஞ்ஞானிகள் சிரித்த காலம் அது. மேரி மனம் தளரவில்லை. பக்கத்தில் இன்னொருவர் பூகம்பம் வந்த இடங்களைக் குறித்துக்கொண்டிருந்தார். இரண்டு படங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால், பூகம்பப் புள்ளிகள் அந்தப் பிளவின் மேலேயே வரிசையாக விழுந்திருந்தன! அப்புறம் ஹீசனும் ஒப்புக்கொண்டார்.

ஆழத்தின் எண்களை வெளியிடக் கூடாது என்பது அமெரிக்கக் கடற்படையின் கட்டுப்பாடு. அதனால், தண்ணீரை வற்றவைத்து ஆகாயத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படியே மேடும் பள்ளமுமாக வரைந்தார்கள். 1957-ல் வட அட்லாண்டிக் படம் வந்தது. 1977-ல், ஓவியர் ஹைன்ரிஷ் பெரான் வண்ணம் தீட்ட, உலகக் கடல்கள் முழுவதற்கும் படம் வந்தது. மேரி ஆராய்ச்சிக் கப்பலில் கால் வைத்ததோ 1968-ல்தான்! 2006-ல் காலமானார்.

இப்போது ஒரே நேரத்தில் விசிறி போல் பல ஒலிக்கற்றைகளை அனுப்புகிறார்கள். கம்ப்யூட்டர் அவற்றைச் சேர்த்து, திருப்பித் திருப்பிப் பார்க்கும்படி முப்பரிமாணப் படமாகக் காட்டுகிறது. 3800 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் டைட்டானிக் கப்பலை 2022-ல் 7 லட்சம் படங்கள் எடுத்து இப்படி உருவாக்கினார்கள். ஆனாலும் கடலடித் தரையில் கால்பங்கு அளவுதான் இதுவரை சரியாக அளந்திருக்கிறார்கள்.

லீவு நாளில் குழந்தைகளுக்கும் இதைக் காட்டலாம். அகன்ற பாத்திரத்தில் கல்லைப் போட்டுக் கலங்கல் தண்ணீர் ஊற்றுங்கள். குச்சியை விட்டு அங்குலத்துக்கு அங்குலம் ஆழம் பார்த்து, கட்டம் போட்ட தாளில் குறிக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத கல் தாளில் எழும்பும்! அப்போது உங்கள் பெண், "அம்மா, இங்கே ஒரு பள்ளம் இருக்கு" என்றால், "உனக்கென்னடி தெரியும்?" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இன்னொரு தடவை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.