ஐஸ் டிரம்முக்குள்ள குதிக்கப் போறீங்களா பாஸ்?

மார்கழி மாசம், விடிகாலை நாலரை மணி. மயிலாப்பூர் மாட வீதியில் பஜனை கிளம்பும் முன்பே, மாலை போட்ட உங்க ரூம்மேட் சாமி ஒரு வாளித் தண்ணியைத் தலையில் ஊற்றி வெடவெடன்னு நடுங்குகிறார். அடையாறு ஜிம் தோஸ்த்தோ, "டிரம்முல ஐஸ் கொட்டி உட்காரு மச்சி, டெஸ்டோஸ்டிரோன் எகிறும்" என்கிறார். யாரை நம்புவீங்க?

முதல்ல சாமி மேட்டர். ஆராய்ச்சிகளில் 'குளிர்நீர்' என்பது பெரும்பாலும் 15 டிகிரி, அல்லது அதுக்கும் கீழே. சிங்காரச் சென்னையில் ஜனவரி ராத்திரிக் காற்றே சராசரியா 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். மொட்டை மாடி டேங்க் தண்ணி எங்கே அதுவரைக்கும் இறங்க? சாமி நடுங்கினாலும் ஃபாரின் கணக்கில் அது வெறும் பச்சைத் தண்ணி!

அதான் நம்மாளுங்க ஐஸ் வாங்கக் கிளம்பிட்டாங்க. (1842-ல் மெரினாவில் கட்டின ஐஸ் ஹவுஸுக்கு அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஐஸ் வந்தது. இப்போ ஐஸ் குளியல் ஃபேஷன் வருது!)

இனி 'அந்த' விஷயம். கூச்சப்படாம படிங்க. விதைப்பை உடம்புச் சூட்டைவிட 2, 3 டிகிரி குறைவாக இருந்தால்தான் உயிரணு உற்பத்தி ஒழுங்கா நடக்கும். இயற்கை அதை வெளியே தொங்கவிட்டதே அதுக்குத்தான். ஆனா, 'இன்னும் குளிர்ந்தா இன்னும் ஆண்மை'ன்னு தாவ ஆதாரம் கிடையாது. 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், வெயிட் தூக்கின கையோடு 15 டிகிரி தண்ணியில் 15 நிமிஷம் உட்கார்ந்தவர்களுக்கு, ஏற வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் மட்டுப்பட்டது. 2015-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு 12 வாரம் நடந்தது. ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் 10 டிகிரி தண்ணியில் 10 நிமிஷம் இருந்தவர்களுக்குத் தசை வளர்ச்சி குறைவு. காசு கட்டித் தூக்கின வெயிட் டிரம்முல கரைஞ்சு போச்சு!

நிஜ வில்லன் சூடுதான். 2005-ல் வெளியான நியூயார்க் ஆய்வில் 29 இளைஞர்கள் ஒரு மணி நேரம் லேப்டாப்பை மடியில் வைத்தார்கள். விதைப்பைச் சூடு இரண்டரை டிகிரிக்கு மேல் ஏறியது. ராத்திரி முழுக்க மடியில் படம் ஓட்டுறவங்க, அதை மேஜைக்கு மாத்துங்க.

அதையும் மீறி ஐஸ்தான் வேணுமா? திடீர்னு இறங்கினால் மூச்சு தானாகத் திணறும். நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென எகிறும். அந்த முதல் ஒரு நிமிஷம்தான் ஆபத்து. தலை உள்ளே போனால் தண்ணியும் உள்ளே போகும். தனியா இறங்காதீங்க. இதயக் கோளாறோ பிரஷரோ இருந்தால் டிரம் பக்கமே போகாதீங்க.

சாமிக்கு மட்டும் ஒரு சேதி: உங்க பச்சைத் தண்ணிக்குத் தடையில்லை. கீஸர் ஓடாத மாசத்துல ஹவுஸ் ஓனர் முகத்தைப் பார்த்தீங்களா?