பள்ளக்காணியிலும் குளக்கரையிலும் தாமரை வளர்த்தல்

நெல் வயலின் பள்ளமான மூலைகளில் மழை நீர் வடியாது தேங்கி நிற்பதுண்டு. அங்கே நாற்று மூழ்கி அழுகிவிடும். போகந்தோறும் அத்துண்டில் விதைநெல்லை இழப்பதைவிட, அதனைத் தாமரைக்கு ஒதுக்குதல் நன்று. தாமரைப் பூவைக் கோவில்களும் விகாரைகளும் வேண்டுகின்றன. சிங்கள மக்கள் ‘நெலும் அல’ என்னும் அதன் கிழங்கு கறிக்கு உதவும்.

தாமரையும் அல்லியும் வேறு வேறு. அல்லியிலை ஓரிடத்தில் பிளவுபட்டு, நீரின்மேற் படிந்து கிடக்கும். தாமரையின் முற்றிய இலையோ பிளவின்றி வட்டமாய் நீருக்கு மேல் எழுந்து நிற்கும். ஆகாயத்தாமரை பெயரளவிலேயே தாமரை. அக்களையை அடக்குவதற்கு இலங்கையில் 1909ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்ற நேர்ந்தது. அதன் ஊதாப் பூவின் அழகுக்காக அதனை எவரும் நீர்நிலையில் இடலாகாது.

நாள் முழுதும் வெயில் படும் இடமே தாமரைக்கு ஏற்றது. மரநிழலில் இலை பெருகும், பூ அருகும். நன்கு மக்கிய சாணத்தை அடியில் இட்டு, அதன்மேல் ஓரடி ஆழத்துக்குக் களிச்சேறு பரப்புக. இரண்டு மூன்று கணுக்களுள்ள கிழங்கைச் சேற்றிற் கிடையாக வைத்து, முளை நுனி மட்டும் வெளியே தெரியுமாறு மூடல் வேண்டும். நுனி ஒடியின் அக்கிழங்கு பெரும்பாலும் பயன்படாது. முதலில் நாலைந்து அங்குல நீரே போதும். இலை எழ எழ நீரை ஒன்றரை அடிவரை உயர்த்தலாம். விதையிலிருந்தும் வளர்க்கலாம். ஆயின் அதன் ஓடு மிகக் கடினமானது. ஒரு முனையை வெண்பருப்புத் தெரியுமளவும் அரத்தினால் உராய்ந்து நீரில் ஊறவைத்தாலன்றி எளிதில் முளையாது. சீனாவில் வற்றிய ஏரியொன்றிற் கிடைத்த, ஏறத்தாழ 1,300 ஆண்டுப் பழைமையான விதை முளைத்ததற்கும் இவ்வோட்டின் உறுதியே பெருங்காரணம்.

பூப்பறிப்போர் பலர் அறியாதது ஒன்றுண்டு. சேற்றினுள் காற்று இல்லை. இலைக்காம்பிலுள்ள துளைகளின் வழியாகவே கிழங்குக்குக் காற்றுச் செல்கின்றது. காம்பை நீருக்குக் கீழே அறுத்தால், அத்துளைகளில் நீர் புகுந்து கிழங்கு அழுகக்கூடும். ஆகவே பூவாயினும் இலையாயினும் நீர்மட்டத்துக்கு மேலே ஒரு சாண் விட்டே அறுத்தல் வேண்டும். சோறு பொதிவதற்கென இலை முழுவதையும் ஒரே முறையில் அறுப்பதும் கேடு. பூவை மொட்டுப் பருவத்தில், அதிகாலையிற் பறித்தால் வாடாது கொண்டு செல்லலாம்.

தாமரைக் கிழங்கு சேற்றினுள் விரைந்து ஓடும். பாசனக் குளத்தின் துருசுக்கு அருகிலோ வாய்க்காலிலோ அதனை நடுதல் தகாது. அது நீரோட்டத்தைத் தடுத்துக் குளத்தைத் தூர்க்கும். அயலவர் வயலுக்கு வரவேண்டிய நீரை மறித்து வளரும் பூவினாற் பிணக்கே விளையும். தனிப் பள்ளமாயின், சுற்றிலும் ஆழமான வரம்பு கட்டி அடக்குக. அன்றியும், அகன்ற இலைக் களைகளுக்கென நாசினி தெளித்த வயலின் வடிநீரை இப்பள்ளத்தில் விடலாகாது. தாமரையும் அகன்ற இலையுடையதே.

வரட்சியில் நீர் வற்றி இலை காய்ந்தபின் கிழங்கைத் தோண்டலாம். கணுவிடையில் வெட்டினால் துளைகளிற் சேறு புகுந்து கறிக்கு உதவாது, கணுவிலேயே வெட்டுக. மறுமாரிக்கென முளையுள்ள கிழங்குகள் சிலவற்றைச் சேற்றிலேயே விட்டுவைத்தல் வேண்டும்.