அதிபர் மாறும்போது கைமாறாத பதிவேடு

புதிய அதிபர் பொறுப்பேற்றால் ஆசிரியர் அறை முதலில் கவனிப்பது சிவப்புக் கோட்டைத்தான். காலை 7.30க்கு வரவுப் பதிவேட்டில் அந்தக் கோடு கீறப்படும். அதற்குக் கீழே ஒப்பமிடுபவர் பிந்தி வந்தவர். அடிக்கடி பிந்தினால் லீவில் கழியும்.

நான் முன்பு கற்பித்த ஒரு பாடசாலைக்குப் படுவான்கரையிலிருந்து ஒரு டீச்சர் வருவார். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை அந்தத் துறையில் வாவியைக் கடக்கப் பாதைதான். பாதை அக்கரையில் நின்றுவிட்டால் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. பழைய அதிபருக்கு இது தெரியும். டீச்சருக்கு முதல் பாடவேளை வராதபடி நேரசூசி போட்டுக் கொடுத்திருந்தார். பதிலுக்கு அவர் பாடசாலை விட்ட பின்னரும் நின்று பிள்ளைகளுக்கு வாசிப்புச் சொல்லிக் கொடுப்பார். இருவருக்கும் இடையிலான நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கும் எழுதப்படவில்லை.

அதிபர் இடமாற்றம் பெற்றுப் போனார். வந்தவர் நேர்மையானவர், பதிவேட்டைப் பார்த்தார், கோட்டைக் கீறினார். ஒரே மாதத்தில் அந்த டீச்சர் ‘எப்போதும் பிந்தி வருபவர்’ ஆகிவிட்டார். மாலை வாசிப்பும் நின்றது. நட்டம் பிள்ளைகளுக்கு.

இதில் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. பொறுப்பு ஒப்படைக்கும்போது கதிரை, மேசை, அலுமாரி எல்லாம் பொருட்பதிவேட்டின்படி எண்ணிக் கொடுக்கிறோம். யார் எந்தச் சுமையை எந்த இணக்கத்தில் சுமக்கிறார் என்பதை யாரும் எண்ணிக் கொடுப்பதில்லை. பதில் அதிபர் என்றால் நிலைமை இன்னும் சிக்கல். நாளை இருப்பாரோ தெரியாத ஒருவர் புதிதாக எதையும் முடிவெடுக்க மாட்டார். “பார்ப்போம் சேர்” என்ற பதிலிலேயே ஒரு தவணை ஓடிவிடும்.

இதையே மாகாண அளவில் பாருங்கள். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பர் 30இல் முடிந்தது. அதன் பின் தேர்தல் இல்லை; முதலமைச்சரும் இல்லை, மாகாணக் கல்வி அமைச்சரும் இல்லை. அப்போது ஆளுநராக இருந்த ரோஹித போகொல்லாகமவுக்குப் பின் எம்.எல்.ஏ.எம். ஹிஸ்புல்லாஹ், ஷான் விஜயலால் டி சில்வா, அனுராதா யஹம்பத், செந்தில் தொண்டமான், ஜயந்த லால் ரத்னசேகர என்று 2024 முடிவதற்குள் 5 பேரைக் கண்டுவிட்டோம். ஹிஸ்புல்லாஹ் அவர்கள் 2019 ஜனவரியில் வந்து ஜூனில் விலகினார். யார் நமக்கு நல்லது செய்தார் என்ற கதை தேநீர்க் கடைக்கு உரியது, அதை விடுவோம்.

1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம், மாகாண ஊழியரின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று அதிகாரங்களை ஆளுநரிடம் தருகிறது. அவற்றை மாகாண பொதுச் சேவை ஆணைக்குழுவுக்குக் கையளிக்க அவரால் முடியும். அந்த ஆணைக்குழுவை நியமிப்பவரும் அவரே. ஆகவே திருகோணமலையில் கதிரை மாறினால் அதன் அசைவு மாகாணச் செயலாளர், வலயக் கல்விப் பணிப்பாளர் வழியாக ஓட்டமாவடியிலும் ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் கடைசி வகுப்பறை வரை வந்து சேரும். இடமாற்ற மேன்முறையீடு செய்தவர், முந்தியவர் வாய்மொழியாகத் தந்த சம்மதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தன் கதையை முதலிலிருந்து மறுபடியும் சொல்வார். மூன்றாம் தடவை சொல்லும்போது வேலையில் மனம் ஒட்டாது.

சம்பவத்திரட்டுப் புத்தகம் எல்லாப் பாடசாலையிலும் இருக்கிறது. போகிற அதிபர், இன்னாருக்கு இன்ன காரணத்தால் இன்ன சலுகை, அதற்கு ஈடாக அவர் செய்யும் வேலை இன்னது என்று அரைப் பக்கம் எழுதி ஒப்பமிட்டால் போதும். வருபவர் அதை மாற்றலாம். ஆனால் தெரிந்துகொண்டு மாற்றுவார். ஊழியரும் தன் பக்கத்துக்கு ஒரு பிரதி கேட்டு வாங்க வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மில் பலர் நினைக்கிறோம்.

பாடசாலையை விட்டுப் பள்ளிவாசலுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டத்தின் கீழ் நம்பிக்கையாளர் சபைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. இமாமும் முஅத்தினும் நமது ஊழியர்கள்தான். அவர்களின் சம்பளம், லீவு, தங்குமிடம் பற்றிப் பழைய தலைவர் சொன்ன வாக்குக்குப் புதிய சபை பொறுப்பா? உங்கள் மஹல்லாவின் முஅத்தினிடம் நியமனக் கடிதம் இருக்கிறதா என்று இந்த ஜும்ஆவுக்குப் பின் கேட்டுப் பாருங்கள்.