எஞ்சின் இரைந்தால் பழுதாகுமா?

எஞ்சினை அதிகமாக இரையவிட்டால் அது விரைவில் பழுதாகிவிடும் என்ற நம்பிக்கை எம்மவர் மத்தியில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கின்றது. வெள்ளவத்தையில் காலி வீதி நெரிசலில் ஊர்ந்து செல்லும் கார்ச் சாரதியும், கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் வான் வைத்துத் தொழில் புரிபவரும் இவ்விடயத்தில் ஒரே கருத்தையே கொண்டிருக்கின்றனர். இந்நம்பிக்கையில் எவ்வளவு உண்மை உண்டு என்பதை ஆராய்வது இன்று அவசியமாகின்றது. ஏனெனில், இது பணத்துடன் மட்டுமன்றி உயிருடனும் தொடர்புடைய விடயமாகும்.

2020 மார்ச் மாதத்தில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டு காலத்தில் பழைய வாகனங்களையே பேணிக் காக்க வேண்டிய நிலை மக்களுக்கு ஏற்பட்டது. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடி அலைந்த அனுபவம் பலருக்கும் உண்டு. இறக்குமதி மீள ஆரம்பித்த பின்னரும் வரிச்சுமை காரணமாக வாகனம் ஒன்று நடுத்தரக் குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பாகவே இருந்து வருகின்றது. அதன் எஞ்சினைப் பற்றிய கவலை நியாயமானதே. ஆனால், அக்கவலை சரியான இடத்தில் இருக்க வேண்டும்.

எஞ்சினின் சுழற்சி வேகம் ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை என்று கணக்கிடப்படுகின்றது. சிறிய பெற்றோல் கார் ஒன்று நின்ற இடத்தில் இயங்கும்போது இது ஏறத்தாழ 700 முதல் 800 வரை இருக்கும். சாதாரண ஓட்டத்தில் 2000 முதல் 3000 வரை செல்லும். மானியிலுள்ள சிவப்புக் கோடு பெரும்பாலும் 6000க்கு மேலேயே ஆரம்பிக்கின்றது. டீசல் எஞ்சின்களில் இவ்வெல்லை கணிசமாகக் குறைவு. இலங்கை வீதிகளில் அதிகம் காணப்படும் டொயோட்டா விட்ஸ் காரின் 1000 சீசீ எஞ்சினில் பிஸ்டன் ஒரு தடவையில் பயணிக்கும் தூரம் 84 மில்லிமீற்றர். 3000 சுழற்சியில் அந்தப் பிஸ்டனின் சராசரி வேகம் செக்கனுக்கு 8.4 மீற்றர், 6000 சுழற்சியில் 16.8 மீற்றர். வேகம் இரு மடங்காகும்போது பிஸ்டனை நிறுத்தித் திருப்பும் விசை நான்கு மடங்காகின்றது. அதிக சுழற்சி தேய்மானத்தைக் கூட்டும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இதுவே. அந்த அளவில் அது பிழையானதன்று.

எனினும், எஞ்சினை வடிவமைத்தவர்கள் இவ்விசையைக் கணக்கிட்டே அதன் உறுப்புகளைத் தயாரிக்கின்றனர். அந்த எஞ்சின் தனது உச்ச வலுவை வெளிப்படுத்துவதே 6000 சுழற்சியை அண்மித்த நிலையில்தான். ஒயில் பம்பியை எஞ்சினே சுழற்றுவதால் சுழற்சி கூடும்போது ஒயில் அழுத்தமும் கூடுகின்றது. எல்லையைத் தாண்ட முற்பட்டால் நவீன கார்களின் கணினி எரிபொருளைத் துண்டித்துவிடும். ஆகவே, நன்கு சூடேறிய, முறையாகப் பராமரிக்கப்பட்ட எஞ்சின் ஒன்று, முந்திச் செல்லும்போதோ மலை ஏறும்போதோ சிறிது நேரம் 4000, 5000 என்று சுழல்வதால் பழுதடைந்துவிடப் போவதில்லை.

அவ்வாறாயின் ஆபத்து எங்கே இருக்கின்றது? முதலாவது, குளிர்ந்த எஞ்சினை இயக்கிய உடனேயே அக்சிலரேட்டரை அழுத்தி இரையச் செய்வது. ஒயில் எல்லா இடங்களையும் சென்றடைந்து உரிய வெப்பநிலையைப் பெறுவதற்கு முன் ஏற்படும் உராய்வே அதிக தேய்மானத்தை உண்டாக்குகின்றது. இரண்டாவது, ஒயில் குறைந்த நிலையிலும், கூலன்டுக்குப் பதிலாகக் குழாய் நீர் ஊற்றித் துருவேறிய ரேடியேட்டருடனும் ஓட்டுவது. மூன்றாவது, மாற்ற வேண்டிய காலம் கடந்த டைமிங் பெல்ட். அது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். நான்காவது, அதிவேகத்தில் செல்லும்போது தவறுதலாக மிகக் குறைந்த கியருக்கு மாற்றுவது. அப்போது சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுவதால் கணினியாலும் அதனைத் தடுக்க இயலாது. இவற்றுடன், புதிய வாகனம் வாங்கியவர்கள் முதல் 1000 கிலோமீற்றர் வரையிலாவது உயர் சுழற்சியைத் தவிர்க்க வேண்டும் எனப் பல உற்பத்தியாளர்கள் அறிவுறுத்துவதையும் கவனத்திற் கொள்ளல் வேண்டும்.

மறுபுறத்தில், குறைந்த சுழற்சி எப்போதும் பாதுகாப்பானது என்பதும் தவறாகும். உயர் கியரில் வைத்துக்கொண்டு, எஞ்சின் திணறத் திணற அக்சிலரேட்டரை ஆழ அழுத்துவது பெயாரிங்குகளுக்கும் கிளச்சுக்கும் கேடு விளைவிப்பதாகும். நேரடி எரிபொருள் உட்செலுத்தலும் டர்போவும் கொண்ட புதிய சிறிய பெற்றோல் எஞ்சின்களில், குறைந்த சுழற்சியில் அதிக சுமை ஏற்றப்படும்போது எரிபொருள் உரிய தருணத்துக்கு முன்னரே வெடித்துப் பிஸ்டனை உடைக்கவும் கூடும்.

கொழும்பு நகரைப் பொறுத்தவரை எஞ்சினின் உண்மையான எதிரி இரைச்சலன்று, நெரிசலே. பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தையைக் கடப்பதற்குள், அல்லது கொட்டாஞ்சேனையில் துறைமுக லொறிகளின் பின்னால் காத்திருக்கையில், எஞ்சின் நீண்ட நேரம் இயங்குகின்றது. தூரமானியோ சில கிலோமீற்றரையே காட்டுகின்றது. கிலோமீற்றரை மட்டும் பார்த்து ஒயில் மாற்றுபவர்கள் இதனால் ஏமாந்து போகின்றனர். தூரம், காலம் ஆகிய இரண்டில் எது முதலில் வருகின்றதோ அதன்படி மாற்றுவதும், கடும் நெரிசலில் ஓடும் வாகனங்களுக்கு அக்காலத்தை மேலும் குறைத்துக்கொள்வதுமே உகந்ததாகும்.

இனி, உயிருடன் தொடர்புடைய விடயத்துக்கு வருவோம். கொழும்பின் சமதரையில் வாகனம் ஓட்டப் பழகியவர்கள் விடுமுறை நாட்களில் குடும்பத்துடன் நுவரெலியாவுக்கும் எல்லவுக்கும் செல்கின்றனர். திரும்பி இறங்கும்போது குறைந்த கியரில் எஞ்சின் உரத்து இரைவதைக் கேட்டு அஞ்சி, உயர் கியருக்கு மாறுகின்றனர். எரிபொருள் மிச்சமாகும் என்று எண்ணி நியூட்ரலில் உருட்டிச் செல்பவர்களும் உளர். 2022ஆம் ஆண்டு எரிபொருள் நிலையங்களில் நாட்கணக்கில் வரிசையில் நின்ற மக்களிடம் இத்தகைய சிக்கன எண்ணம் இருப்பது வியப்பன்று. ஆனால், கணக்கு வேறுவிதமாக இருக்கின்றது. எரிபொருள் உட்செலுத்தும் முறையில் இயங்கும் கார்களில், கியரில் இருந்தபடி அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் முற்றாகத் துண்டிக்கப்படுகின்றது. நியூட்ரலிலோ எஞ்சின் அணையாதிருக்க எரிபொருள் செலவாகிக் கொண்டே இருக்கும்.

1000 கிலோகிராம் எடையுள்ள கார் ஒன்று 1000 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 30 லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டு வரப் போதுமானது. 10 தொன் பஸ் ஒன்றுக்கு அது பத்து மடங்காகும். எஞ்சின் அச்சக்தியில் ஒரு பகுதியை ஏற்காவிடின் அதன் பெரும்பகுதியைப் பிரேக்குகளே வெப்பமாக ஏற்க வேண்டியிருக்கும். வெப்பம் எல்லை மீறினால் பிரேக் கட்டைகள் பிடிப்பை இழக்கும். கார்களில் பிரேக் ஒயில் கொதித்து மிதியடி வெறுமையாக உள்ளே செல்லும். மாறாக, இறக்கத்தில் 3000 அல்லது 4000 சுழற்சியில் இரையும் எஞ்சினில் எரிதலே நிகழ்வதில்லை. சிவப்புக் கோட்டைத் தாண்டாத வரை அந்த இரைச்சல் தீங்கற்றது. வாகனத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஒலி அது. பிரியஸ், அக்குவா போன்ற கலப்பின வாகனங்களில் 'பி' என்று குறிக்கப்பட்டுள்ள நிலை இதற்கென்றே வழங்கப்பட்டதாகும். அதனைத் தெரிவு செய்யும்போது எஞ்சின் இரைவது கோளாறன்று.

2025 மே 11ஆம் திகதி கொத்மலை கரண்டியெல்லவில் பஸ் கவிழ்ந்ததில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் 15 பேர் பலியாகினர். இவ்விபத்துகளின் காரணங்களைத் தீர்மானிப்பது எமது பணியன்று. ஆயினும், மலைப்பாதை சாரதியிடம் தனியான அறிவை வேண்டி நிற்கின்றது என்பதை அவை நினைவூட்டுகின்றன.

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய சாரதிகள் கையாண்ட எளிய விதியாகும். இவ்விதியையும் அதற்கான காரணத்தையும் சாரதி பயிற்சிப் பாடசாலைகள் ஒவ்வொரு மாணவருக்கும் கற்பிக்க வேண்டும். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் அனுமதிப்பத்திரப் பரீட்சைகளில் இதற்கு உரிய இடம் அளிக்க வேண்டும். எஞ்சின் தேய்ந்தால் கராஜில் திருத்திக் கொள்ளலாம். எஞ்சினைக் காப்பதாக எண்ணிப் பிரேக்கை இழப்பவருக்கு அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை.