ஓவேலி மழையில் ஷெட் இல்லாத பழைய வண்டி: துரு எங்கே தொடங்குகிறது, எப்படித் தடுப்பது?

நீலகிரி மாவட்டம் கூடலூர் வட்டத்தில் இருக்கிறது ஓவேலிப் பேரூராட்சி. எல்லமலை, பெரியசோலை, ஆரோட்டுப்பாறை, பார்வுட் என்று தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் ஊர்கள். ரேஷன் அரிசி கொண்டுவருவதற்கும், ராத்திரியில் பிரசவ வலி வந்தால் கூடலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கும் இங்கே நம்பிக்கை, வீட்டு வாசலில் நிற்கும் பழைய ஜீப்போ காரோதான். அந்த வண்டி நிற்பது பெரும்பாலும் திறந்தவெளியில். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் வரை விடாது. மழை ஓய்ந்த பிறகும் பனிமூட்டம் போகாது.

‘ஒரு ஷெட் போட்டுட்டா முடிஞ்சுது’ என்று வெளியூர்க்காரர்கள் எளிதாகச் சொல்லிவிடலாம். ஓவேலியில் அது அவ்வளவு எளிதல்ல. இங்குள்ள நிலங்களில் பெரும்பகுதி, 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்மம் எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுக்குள் வருகிறது. ‘செக்‌ஷன் 17 நிலம்’ என்றால் கூடலூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பல ஆண்டுகளாக உரிமை முடிவாகாத நிலம் அது. பட்டா இல்லை, பட்டா இல்லாத இடத்தில் நிரந்தரமாக எதையும் கட்ட அனுமதி வாங்குவது பெரும்பாடு. வீட்டுக்கே இந்த நிலை என்றால், வண்டிக்குக் கூரை எங்கே போடுவது? ஆகவே கட்டடம் இல்லாமலேயே வண்டியைக் காப்பாற்றும் வழிகளைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

துரு எப்படிப் பிடிக்கிறது?

இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு. மழை நேரடியாகப் பட வேண்டும் என்பதுகூட இல்லை. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தாண்டினாலே, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் இரும்பின் மேல் படிந்து வேலையைத் தொடங்கிவிடும். நீலகிரியின் மழைக்காலத்தில் ஈரப்பதம் அந்த அளவுக்குக் கீழே இறங்குவதே அபூர்வம்.

சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று துருவை வேகப்படுத்துகிறது. மலையில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால், கடலோரத்தில் வெயில் அடித்தால் வண்டி காய்ந்துவிடும். மலையில் வாரக்கணக்கில் காயாது. இரும்பு எவ்வளவு நனைகிறது என்பதைவிட, எவ்வளவு நேரம் ஈரமாகவே இருக்கிறது என்பதுதான் இங்கே கணக்கு. அரிமானம் ஒரு நாட்டுக்கு எவ்வளவு பெரிய செலவு என்பதை உணர்ந்துதான் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் பல பத்தாண்டுகளாக அதை ஆராய்ந்துவருகிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட நிறுவனம் அது.

பழைய வண்டிக்கு மட்டும் ஏன் இவ்வளவு பயம்? இன்றைய கார்களில் பல பாகங்கள் துத்தநாகம் பூசிய தகட்டில் வருகின்றன. துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு, அடியில் இருக்கும் இரும்பைக் காக்கும். பழைய ஜீப், அம்பாசிடர், மாருதி 800 போன்ற வண்டிகளில் பெரும்பாலும் பெயின்ட்தான் ஒரே கவசம். அதில் ஒரு கீறல் விழுந்தால் போதும்.

கண்ணில் படாத இடங்கள்

பானட்டில் தெரியும் துருப் புள்ளி அசிங்கம்தான், ஆபத்து அல்ல. ஆபத்து அடியில் இருக்கிறது. மட்கார்டுக்கு உள்பக்கம் அப்பிய செம்மண், ஈரத்தைப் பஞ்சுபோலப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே வெயில் அடித்தாலும் உள்ளே சேறு காய்வதில்லை. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை வாளித் தண்ணீரும் குச்சியும் வைத்து அந்தச் சேற்றைத் தள்ளிவிடுவதே பாதிப் பாதுகாப்பு.

அடுத்தது, தண்ணீர் வடியும் துளைகள். ஒவ்வொரு கதவின் அடி ஓரத்திலும் சிறு துளைகள் இருக்கும். கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் வெளியேறும் வழி அதுதான். முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பள்ளத்திலும் இப்படி வடிகால் உண்டு. தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தின் இலைகள் அங்கே போய் அடைத்துக்கொண்டால், தண்ணீர் காருக்குள் இறங்கி தரைத் தகட்டைத் தின்றுவிடும். ஒரு ஈர்க்குச்சி போதும், அடைப்பை எடுக்க.

கவர் போடலாமா?

பலரும் தவறு செய்யும் இடம் இது. பிளாஸ்டிக் தார்ப்பாயை வண்டி மேல் நேரடியாகப் போர்த்தி, கயிறு போட்டு இறுக்கிவிடுகிறார்கள். மழை உள்ளே போகாது, உண்மைதான். ஆனால், தரையிலிருந்து எழும் ஈரம் வெளியே போகவும் வழியில்லை. இரவில் தகடு குளிர்ந்ததும் அந்த ஈரம் பனித்துளியாகப் படியும். போர்த்தாமல் விட்ட வண்டியைவிடப் போர்த்திய வண்டி அதிகம் நனைந்திருப்பதும் உண்டு. காற்றில் தார்ப்பாய் படபடக்கும்போது, அடியில் சிக்கிய மண் உப்புத்தாள்போல பெயின்ட்டைத் தேய்த்துவிடும்.

இதற்கு மாற்று, போர்வையைக் கூரையாக்குவது. நான்கு மூங்கில் நட்டு, ஒரு பக்கம் சரிவாக, வண்டிக்கும் தார்ப்பாய்க்கும் நடுவே இரண்டடி இடைவெளி விட்டுக் கட்டினால், மழை படாது, காற்றும் ஓடும். பக்கங்களை மூடக் கூடாது. வேண்டாதபோது அவிழ்த்துவிடலாம். கவர்தான் போட வேண்டும் என்றால் காற்று புகும் துணிக்கவர் வாங்கி, வண்டியைக் கழுவித் துடைத்து, காய்ந்த பிறகே போட வேண்டும். வெயில் வந்த அன்று கட்டாயம் கழற்ற வேண்டும்.

வெயிலும் சும்மா விடாது. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிரின் வீச்சு ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது. ‘குளிர் ஊருதானே’ என்று நினைத்தால், டிசம்பர் முதல் மே வரை பெயின்ட் மங்கி, கதவு ரப்பர் வெடித்துவிடும். வெடித்த ரப்பர் வழியாகத்தான் அடுத்த மழை உள்ளே வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாக்ஸ், ரப்பருக்குக் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் போதும்.

எங்கே, எப்படி நிறுத்துவது?

புல் தரையும் வெறும் மண்ணும் ஈரத்தை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். ஜல்லி பரப்பிய இடம் நல்லது. அதுவும் முடியாவிட்டால் நான்கு டயருக்கும் கீழே பலகைக்கல். பெரிய மரத்தடி வேண்டாம். பலத்த காற்றில் கிளை முறிவது இங்கே வாடிக்கை. 2019 ஆகஸ்ட்டில் இதே மாவட்டத்தின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாட்களில் மண்சரிவு வரக்கூடிய திட்டின் அடியில் வண்டி நிற்கவே கூடாது.

நாட்கணக்கில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்து விட்டால், ஈரத்தில் பிரேக் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதே மலைப் பழக்கம். மூக்கு மேட்டைப் பார்த்திருந்தால் முதல் கியர். பள்ளத்தைப் பார்த்திருந்தால் ரிவர்ஸ்.

தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதும் கெடுதல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக வெளியேறுகிறது. சைலன்சர் நன்றாகச் சூடாகாவிட்டால் அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கி, உள்ளிருந்தே அரித்துவிடும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டினால் சைலன்சரும் காயும், பேட்டரியும் ஏறும்.

வண்டிக்குள் ஃபுட்மேட்டை எடுத்துவிட வேண்டும். அதன் அடியில்தான் முதலில் பூஞ்சை. ஒரு கிண்ணத்தில் சுட்ட சுண்ணாம்புக் கல் வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குழந்தைகள் கையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அரிசி, உப்பு, வாழைப்பழம், பலாப்பழம் எதையும் வண்டிக்குள் விட்டுவைக்கக் கூடாது. வாசனைக்கு எலி வரும், ஒயரைக் கடிக்கும். ஓவேலியில் யானையும் வரும்.

துருவைக் கண்டால் என்ன செய்வது?

அதன் மேலேயே பெயின்ட் அடிப்பது, புண்ணை மூடிவைப்பதுபோல. பனி விலகிய வெயில் நாளில், கம்பி பிரஷ்ஷால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, துரு மாற்றித் திரவம் தடவி, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, காய்ந்த பிறகு பெயின்ட். அடிப்பக்கக் கோட்டிங்கும் மார்ச், ஏப்ரலில் செய்வதே சரி. ஈரத்தின் மேல் கோட்டிங் அடித்தால், ஈரத்தை உள்ளே பூட்டிவைத்ததாகிவிடும். பழைய என்ஜின் ஆயிலை அடியில் தடவும் வழக்கம் உண்டு. துரு குறையும், ஆனால் புஷ், ஹோஸ் போன்ற ரப்பர்கள் ஊறிக் கெடும், சொட்டும் ஆயில் குடிநீர் ஓடைக்குப் போகும்.

உயிரைக் காக்கும் இரண்டு சோதனைகள்

முதலாவது பிரேக். பழைய வண்டிகளில் பிரேக் ஆயில் ஓடும் மெல்லிய இரும்புக் குழாய்கள் அடிப்பக்கத்தில், சேறு அடிக்கும் இடத்திலேயே செல்கின்றன. அவை துருப்பிடித்து உடைந்தால், இறக்கத்தில் பெடல் அப்படியே உள்ளே போய்விடும். பிரேக் ஆயிலும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சக்கூடியது. ஈரம் கலந்த ஆயில் நீண்ட இறக்கத்தில் சூடாகிக் கொதித்தால், பிரேக் பிடிக்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றியே ஆக வேண்டும்.

இரண்டாவது சேஸிஸ். ஸ்க்ரூ டிரைவர் முனையால் அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். ‘டங்’ என்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டாலோ, முனை உள்ளே இறங்கினாலோ டிங்கரிங் கடைக்குப் போக வேண்டிய நேரம்.

செலவுக் கணக்கும் இதில் இருக்கிறது. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்கு. பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வெறும் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் என்றால் மரம் விழுந்த சேதத்துக்குப் பைசா வராது. எந்த இன்சூரன்ஸும் துருவுக்குத் தராது. பெயின்ட்டுக்கும் சீட் கவருக்கும் செலவழிக்கும் முன், பணத்தை முதலில் பிரேக் குழாய்க்கும் சேஸிஸுக்கும் ஒதுக்குவதே புத்திசாலித்தனம். அவை இரண்டும் உறுதியாக இருந்தால் இன்னொரு ஐந்து ஆண்டுக்குப் பணம் கட்டலாம். சேஸிஸே ஓட்டையாகிவிட்டால், எவ்வளவு ஆசையான வண்டியாக இருந்தாலும் மலைப்பாதையில் ஆளேற்றிக்கொண்டு இறங்கக் கூடாது.