நல்ல தேன்மெழுகு எங்கே கிடைக்கும்?

காசிமேட்டில் ஐஸுக்கும் உப்புத் தண்ணீருக்கும் நடுவே நாளெல்லாம் மீன் அலசும் பெண்களின் விரல்கள் வெடித்துப் போயிருக்கும். வண்ணாரப்பேட்டையில் துணி வெளுப்பவர்களின் குதிகாலிலும் அதே கதைதான். இவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளும் களிம்புக்காகத்தான் போன வாரம் எண்ணெய்களைப் பார்த்தோம். எண்ணெய் மட்டும் தடவினால் வழிந்து, துடைபட்டுப் போய்விடும். அதைத் தோலில் பிடித்து நிறுத்துவது மெழுகு.

வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மண்ணடி, உயர்நீதிமன்றம் தாண்டி சென்ட்ரல். பக்கத்திலேயே ராசப்ப செட்டி தெரு. அங்குள்ள நாட்டு மருந்துக் கடைகளில் மஞ்சள், வேப்பெண்ணெய், வெள்ளைக் குங்கிலியம் எதற்கும் பஞ்சமில்லை. தேன்மெழுகும் கேட்டால் கொடுப்பார்கள். அது தேனீ கட்டியதுதானா என்பதில்தான் கவனம் வேண்டும்.

தேன்மெழுகில் கலக்கப்படுவது பெரும்பாலும் பாரஃபின். கச்சா எண்ணெயிலிருந்து வருவது. நம் மணலி சுத்திகரிப்பு ஆலையிலேயே தயாராகிறது. பாரஃபின் விஷமல்ல, கடையில் விற்கும் பல களிம்புகளில் அதுதான் இருக்கிறது. ஆனால் பலமடங்கு மலிவான ஒன்றைத் தேன்மெழுகு விலைக்குத் தலையில் கட்டுவது மோசடி. நல்ல தேன்மெழுகு மஞ்சளாக, லேசான தேன் வாசத்தோடு இருக்கும். உடைத்தால் உடைந்த இடம் மணல்மணலாகத் தெரியும். உள்ளங்கைச் சூட்டில் பிசைந்தால் இளகி வளையும். பாரஃபின் வெளுப்பாக, வழுவழுப்பாக, வாசனையின்றி இருக்கும்.

மெழுகு ஏன் இவ்வளவு அரிது? மார்த்தாண்டம் பக்கம் பெட்டிகளில் தேனீ வளர்ப்பவர்கள் தேனைச் சுழற்றி எடுத்துவிட்டு அடையைத் திரும்பப் பெட்டியிலேயே வைத்துவிடுகிறார்கள். அதனால் மெழுகு கொஞ்சம்தான் மிஞ்சும். நீலகிரியில் பாறை முகட்டில் மலைத்தேனீ கட்டும் அடை மிகப் பெரியது. குறும்பர்களும் இருளர்களும் கொடி ஏணியில் இறங்கி அதை எடுக்கிறார்கள். தேனைப் பிழிந்த சக்கையை வெந்நீரில் உருக்கித் துணியில் வடித்தால், ஆறியதும் மெழுகு மேலே கட்டியாக மிதக்கும். கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளை இந்த மக்களோடு பல ஆண்டுகளாக வேலை செய்கிறது. அதிலிருந்து கிளைத்த 'லாஸ்ட் ஃபாரஸ்ட்' அந்த மெழுகில் களிம்பே செய்து விற்கிறது. வண்ணாரப்பேட்டைப் பெண்கள் குழுக்கள் சேர்ந்து மொத்தமாக மெழுகு வாங்க நினைத்தால் முதலில் விசாரிக்க வேண்டிய ஊர் கோத்தகிரி என்பேன்.

மெழுகே கிடைக்காவிட்டால் சித்த மருத்துவம் வேறு வழி வைத்திருக்கிறது. குங்கிலியப் பொடியை நல்லெண்ணெயில் காய்ச்சி, தண்ணீரில் ஊற்றிப் பலமுறை கழுவிப் பிசைந்தால் வெண்ணெய் போலத் திரளும். அதுதான் குங்கிலிய வெண்ணெய், புண்ணுக்குப் பெயர்போனது. பதம் தப்பக்கூடாது, சித்த மருந்துக் கடையில் வாங்குவதே நல்லது.

மெழுகுக் களிம்புக்கு அளவு: 1 பங்கு மெழுகுக்கு 4 பங்கு எண்ணெய், எடைக்கணக்கில். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு மேல் உருகிவிடும். அதனால் சென்னைக் கோடையில் 3 பங்கு போதும். மெழுகு உருக 62 டிகிரி தாண்ட வேண்டும். நேரடி நெருப்பு கூடாது, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து உருக்குங்கள். துளி தண்ணீர் விழுந்தாலும் பூஞ்சணம் பிடிக்கும். முதலில் முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

வீட்டு உபயோகத்துக்குச் செய்யத் தடையில்லை. விற்பதற்குத் தயாரித்தால் உரிமம் கட்டாயம். அதைப் பெறும் வழியை அடுத்த வாரம் எழுதுகிறேன். அதுவரை, மெழுகு எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லாத கடையில் வாங்காதீர்கள்.