பெண் ஹார்மோனும் நினைவாற்றலும்: எலி ஆய்வுகள் சொல்வது என்ன?

"பெண்களுக்கு மறதி அதிகம், அறிவியலே நிரூபித்துவிட்டது" என்று ஒரு பயானில் கேட்டோம். எலிகளிடம் நடந்த ஆய்வுகள்தான் ஆதாரமாம். அந்த ஆய்வுகளைத் தேடிப் படித்தோம். அவை சொல்வது வேறு.

பெண் எலிக்கு நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை இனப்பெருக்கச் சுழற்சி வரும். அதற்கேற்ப ஈஸ்ட்ரஜன் ஹார்மோன் ஏறி இறங்கும். 1990-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் கேத்தரின் வூலி, புரூஸ் மெக்வென் முதலானோர் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியை ஆராய்ந்தார்கள். அங்குள்ள நரம்பணுக்களின் கிளைகளில் முட்களைப் போன்ற நுண்ணிய முளைகள் உண்டு. பிற அணுக்களின் செய்திகள் வந்து சேர்வது அவற்றில்தான். ஈஸ்ட்ரஜன் உச்சத்தில் இருந்த நாளைவிட மறுநாள் அந்த முளைகள் சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தன. அடுத்த சுழற்சியில் மீண்டும் கூடின. சுப்ஹானல்லாஹ்! ஒரே நாளில் இவ்வளவு மாற்றம்.

அப்படியானால் ஈஸ்ட்ரஜன் குறைந்தால் மறதிதானே? 2002-இல் டோனா கோரல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். சினைப்பை அகற்றப்பட்ட எலிகளில் சிலவற்றுக்கு மட்டும் ஈஸ்ட்ரஜன் கொடுத்தார்கள். உணவு எந்த இடத்தில் இருக்கிறது என்று கற்பதில் அந்த எலிகள் முந்தின. ஆனால், 'எங்கிருந்து புறப்பட்டாலும் ஒரே பக்கம் திரும்பு' என்ற பழக்கத்தைக் கற்பதில் ஈஸ்ட்ரஜன் பெறாத எலிகளே முந்தின. ஹார்மோன் மாற்றியது கற்கும் வழியை. அறிவு கூடியது, குறைந்தது என்று இதைச் சொல்ல முடியாது.

பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனத்துக்கு இதை விளக்கமாக்குவதும் சரியல்ல. அது கடன் ஒப்பந்தம் பற்றிய வசனம். அதற்கு எலியைச் சாட்சிக்கு அழைக்கத் தேவையில்லை. ஆயிரக்கணக்கான ஹதீஸ்களை நினைவிலிருந்து அறிவித்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்களை மறந்துவிட்டா இப்படிப் பேசுகிறோம்?

மாதவிடாய் நின்ற உம்மாமார்கள் உள்ள வீடுகளுக்கு இன்னொரு செய்தி. சினைப்பை அகற்றிய மூன்று மாதத்துக்குள் ஈஸ்ட்ரஜன் சிகிச்சை தொடங்கிய எலிகள் பயனடைந்தன. பத்து மாதம் கழித்துத் தொடங்கியவை பயனடையவில்லை. அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களுக்கு ஈஸ்ட்ரஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2003-இல் வந்தது. மாத்திரை எடுத்தவர்களிடம் டிமென்ஷியா எனும் மறதி நோய் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. மறதிக்கென்று ஹார்மோன் மாத்திரையைத் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது என்று நாம் சொல்வது இதனால்தான்.